ஏழாவது கோல்

கே.ஜி.கண்டிகை
18.2.2025, செவ்வாய்

சுசித்ராவுக்கு,

கடிதம் என்றால் ஸ்தோத்திரம் சொல்லித்தான் ஆரம்பித்துப் பழக்கம். இந்த முறை கை அதை எழுத மறுக்கிறது. நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

சனிக்கிழமை ஒன்பதுக்குப் பூஜ்யம் என்று தோற்றோம். ஞாயிறு காலை நீ என் நம்பரை பிளாக் செய்துவிட்டாய். நேற்று காலை ஷிப்ட் முடிந்ததும் கல்லூரி வாசலில் ஒரு மணி நேரம் நின்றேன், மதிய ஷிப்டுக்கு நீ எப்படியும் அந்த வழியாகத்தானே வரவேண்டும் என்று. நீ பின்பக்கம் சைக்கிள் ஸ்டாண்டு வழியாக உள்ளே போனதாக வாட்ச்மேன் சொன்னார். பிராக்டிசையும் நிறுத்திவிட்டார்கள். உன்னைப் பிடிக்க இனி தபால்காரர்தான் கதி.

பி.டி. டீச்சர் பத்மா மேடம் என்னைக் கூப்பிட்டார். "உங்க கேப்டன் உன்மேல ஏதோ சந்தேகப்படறா. மார்ச் பத்தாம் தேதிக்குள்ள எழுதிக் குடுக்கறேன்னு சொல்லிக்கிறா. அதுவரைக்கும் உன் பேரை நான் அனுப்ப முடியாதும்மா" என்றார். எந்தப் பேர் என்று உனக்குத் தெரியும். மார்ச் பதினைந்து வேலூரில் பல்கலைக்கழக புட்பால் அணிக்கான தேர்வு. நம் கல்லூரியிலிருந்து அதற்கு யாரையும் இதுவரை கூப்பிட்டதே இல்லை. தோற்கிற அணியில் கோல்கீப்பருக்குத்தான் வேலை அதிகம், அதனால் யார் கண்ணிலோ பட்டிருக்கிறேன். இது கடைசி வருஷம். இதை விட்டால் எனக்கு இன்னொரு தடவை கிடையாது.

மேடத்திடம் என்ன சொன்னாய்? எனக்கும் சொல்.

அபிகாயில்


அம்மையார்குப்பம்
20.2.2025, வியாழன்

அபி,

உன் கடிதம் வந்தது. உறையின் ஓரத்தை யாரோ ஒருமுறை பிரித்து மறுபடி ஒட்டியது மாதிரி இருந்தது. எங்கள் வீட்டில் பிரித்தார்களா, வழியில் பிரித்தார்களா, இல்லை நீயே எழுதியதை மாற்றி ஒட்டினாயா, தெரியவில்லை.

போனில் பேசுவதாக இல்லை. பேசினால் நாளைக்கு "நான் எப்போடி அப்பிடி சொன்னேன்" என்பாய். தாளில் எழுதினால் எழுதியது எழுதியதுதான். உன் கடிதங்களை எல்லாம் எடுத்து வைப்பேன் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

மேடத்துக்கு எழுதப்போவதை உனக்கும் முதலிலிருந்து எழுதுகிறேன். எங்கள் அப்பாவின் ஷெட்டில் நாலு விசைத்தறி ஓடுகிறது. அந்தச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் கத்தினால்கூடக் கேட்காது, கையால்தான் பேசிக்கொள்வோம். காதைத் தேய்த்தால் தறியை நிறுத்து. தாடையில் இரண்டு விரல் வைத்தால் ஊடை நூல் தீர்ந்துவிட்டது. தலையில் உள்ளங்கையை வைத்தால் முதலாளி வருகிறார். இந்த சைகைகளைத்தான் போன ஜூனில் நம் டிபென்சுக்குக் கற்றுக்கொடுத்தேன். நான் காதைத் தேய்த்தால் எல்லோரும் ஒரே நேரத்தில் முன்னால் ஏறி அவர்களை ஆப்சைடில் விடவேண்டும். தாடை என்றால் இடது பக்கம் நகர வேண்டும். தலை என்றால் நீ கோலை விட்டு வெளியே ஓடிவர வேண்டும். வாயால் கத்தினால் எதிரணிக்கும் கேட்கும், இது நமக்கு மட்டும்தான் தெரியும் என்று அப்போது எவ்வளவு பெருமையாகச் சொன்னேன்.

சனிக்கிழமை அந்த மஞ்சள் ஜெர்சிக்காரிகளுக்கு அத்தனையும் தெரிந்திருந்தது. நான் தலையில் கை வைத்தேன், நீ வெளியே வந்தாய், வந்து சேர்வதற்குள் பந்து உன் தலைக்கு மேலே போய்விட்டது. ஒரு தடவை என்றால் அதிர்ஷ்டம். மூன்று தடவை. காதைத் தேய்த்தால் அவர்களுடைய பத்தாம் நம்பர் ஆப்சைடில் சிக்காமல் ஓடுவதை நிறுத்தி நின்றுகொண்டாள். இடைவேளைக்குள் ஐந்து கோல்.

தோற்பது நமக்குப் புதிதா? மூன்று வருஷத்தில் ஜெயித்தது இரண்டே மேட்ச், அதில் ஒன்றுக்கு எதிரணி வரவேயில்லை. கோகோவிலிருந்து நாலு பேர், கபடியிலிருந்து மூன்று பேர் என்று பொறுக்கிச் சேர்த்த டீம். இரண்டு மூன்று வாங்கித் தோற்றுவிட்டு பஸ்ஸில் வேர்க்கடலை தின்றுகொண்டு வருகிற ஆட்கள்தான் நாம். ஆனால் ஒன்பது வாங்க எங்களால் மட்டும் முடியாது. உள்ளேயிருந்து யாராவது உதவி செய்திருக்க வேண்டும்.

மூன்று கேள்வி கேட்கிறேன். மேட்சுக்கு ஒன்பது நாள் முன்னால் கனகம்மாசத்திரம் பஸ் ஸ்டாப்பில் அவர்கள் கோச் புவனாவோடு உட்கார்ந்து டீ குடித்தாயா? நம் லெப்ட் பேக் பெபி பார்த்திருக்கிறாள். அந்தப் புது கிளவுஸ் உனக்கு ஏது? கடைசியாக, ஏழாவது கோல். பந்து வேகமே இல்லாமல், பால்வாடிப் பிள்ளை உதைத்தது போல உருண்டு வந்தது. நீ குனியக்கூட இல்லை. ஏன்?

சுசித்ரா


கே.ஜி.கண்டிகை
22.2.2025, சனி

சுசித்ராவுக்கு,

கேள்வி கேட்டதற்கு நன்றி. கேட்காமலேயே மேடத்திடம் போனதற்கு நன்றி சொல்ல முடியாது.

டீ குடித்தேன். நான் திருவள்ளூர் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன், அவர் திருப்பதி போய்விட்டு வந்து இறங்கினார். "நீதானே அந்த கோல்கீப்பர் பொண்ணு? வா, ஒரு டீ சாப்ட்டு போ" என்றார். பெரியவர் கூப்பிடும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்க எனக்கு வராது. "அடுத்த வருஷம் எம்.ஏ.க்கு எங்க காலேஜுக்கு வந்துடு. கோல்ல நீதான்" என்றார். நான் "பாக்கலாங்க மேடம்" என்றேன். அவ்வளவுதான். உன் சைகையைப் பற்றி ஒரு வார்த்தை அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

உன்னிடம் ஏன் மறைத்தேன் என்று கேட்பாய். நீ தாங்க மாட்டாய் என்றுதான். அவரிடம் ஏன் முடியாது என்று சொல்லவில்லை என்றும் கேட்பாய். வேண்டும் என்று என்னை யாரும் அதுவரை கூப்பிட்டதில்லை சுசி. அந்த டீயைக் குடித்து முடிக்கிற வரைக்கும் அது நன்றாக இருந்தது.

கிளவுஸ் எங்கள் அண்ணன் ஜெபசிங் அம்பத்தூரிலிருந்து கிறிஸ்துமசுக்கு வாங்கி வந்தது. பில்லை இதோடு வைத்திருக்கிறேன், அதையும் எடுத்து வைத்துக்கொள்.

மூன்றாவதற்கு, கண்ணில் வெயில் பட்டது என்று வைத்துக்கொள்.

போன ஞாயிறு ஆராதனையில் எங்கள் சபை ஐயர் ஒன்பதாம் பாட்டு என்று அறிவித்ததும் பெபி திரும்பி என்னைப் பார்த்தாள். பாட்டுப் புத்தகத்தில்கூட எனக்கு நிம்மதி இல்லை.

அபிகாயில்


அம்மையார்குப்பம்
25.2.2025, செவ்வாய்

அபி,

பில்லைப் பார்த்தேன். டிசம்பர் பதினெட்டு என்று இருக்கிறது. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் டிசம்பரில் வாங்கிய கிளவுசை ஜனவரி முழுக்க ஏன் ஒரு நாளும் போடவில்லை? இந்த மேட்சுக்குத்தான் புதிதாகப் போடவேண்டும் என்று எப்படித் தோன்றியது?

புவனா விஷயத்தை நீயாகச் சொல்லியிருந்தால் நான் நம்பியிருப்பேன். பெபி சொல்லி, நான் கேட்டு, அப்புறம் நீ சொல்கிறாய். "பாக்கலாங்க" என்றால் என்ன அர்த்தம்? எங்கள் வீட்டில் மாப்பிள்ளை வீட்டுக்காரர்களிடம் "பாக்கலாங்க" என்று சொன்னால் பாதி சம்மதம் என்று அர்த்தம்.

வெயில் என்று எழுதியிருக்கிறாய். மேட்ச் காலை பத்து மணிக்கு ஆரம்பித்தது. இரண்டாம் பாதியில் நம் கோல் கிழக்குப் பக்கம். நீ மேற்கே பார்த்து நின்றாய். வெயில் உன் முதுகில்தான் அடித்தது. சந்தேகமாக இருந்ததால் போனில் மேப் எடுத்தும் பார்த்துவிட்டேன்.

என்னை அற்பம் என்று நினைத்தாலும் பரவாயில்லை. ராத்திரி பகலாக அந்த மேட்சைத்தான் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கிறேன். மூன்று வருஷமாக என் முதுகுக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று நான் திரும்பிப் பார்த்ததே இல்லை. இப்போது பார்க்கத் தோன்றுகிறது.

ரிப்போர்ட்டில் முதல் வரி எழுதிவிட்டேன். "எங்கள் அணியின் சைகைகள் கோல்கீப்பர் அபிகாயில் மூலம் எதிரணிக்குப் போயிருக்கின்றன என்று சந்தேகிக்கிறேன்." மீதியை எழுதுவது உன் அடுத்த பதிலைப் பொறுத்தது. ஏழாவது கோலுக்கு உண்மையான பதில் வேண்டும்.

சுசித்ரா


கே.ஜி.கண்டிகை
27.2.2025, வியாழன்

சுசித்ராவுக்கு,

நீ பி.காம். படிப்பது வீண். வக்கீலுக்குப் போயிருக்கலாம்.

சந்தேகப்படுவது உனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைக்காதே, நானும் இரண்டு நாளாக உட்கார்ந்து சந்தேகப்பட்டேன். பெபிக்கும் அந்த சைகைகள் தெரியும். என்னைப் பார்த்ததை ஒன்பது நாள் வயிற்றில் வைத்துக்கொண்டிருந்து, தோற்ற பிறகு உன்னிடம் வந்து சொல்லியிருக்கிறாள். அவளைக் கேட்டாயா? உன்னை எடுத்துக்கொள். நீ எங்கே யாரிடம் பேசினாய் என்று உன்னை யார் கேட்டார்கள்?

அப்புறம் ஒன்று தோன்றியது. உங்கள் ஊரில் எத்தனை தறி ஷெட் இருக்கிறது? அங்கே எல்லாம் வாயாலா பேசுகிறார்கள்? நமக்கு மட்டும்தான் தெரியும் என்று நீ சொன்னது உங்கள் தெருவில் சோறு கட்டிக்கொண்டு வரும் பெண்களுக்குக்கூடத் தெரிந்த விஷயம். தறியே பார்க்காத எனக்குத்தான் அது ரகசியம். காதுக்கும் தாடைக்கும் வித்தியாசம் மனதில் நிற்க எனக்கு இரண்டு மாசம் ஆனது. அதைத் தூக்கிக்கொண்டுபோய் இன்னொருத்திக்குச் சொல்லித்தர எனக்கு சாமர்த்தியம் போதாது.

ஆறாவது கோல் விழுந்ததும் நீ பாதி மைதானம் ஓடிவந்து, எல்லோர் முன்னாலும் என்னை ஒரு கேள்வி கேட்டாய். அதை ரிப்போர்ட்டில் எழுதுவாயா? அதை எழுதுகிறேன் என்று சொல், ஏழாவதைப் பற்றி நானும் எழுதுகிறேன்.

அபிகாயில்


அம்மையார்குப்பம்
4.3.2025, செவ்வாய்

அபி,

இதை எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. நடந்ததை அப்படியே எழுதிவிடுகிறேன்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு முதலில் கிழிக்கத்தான் போனேன். எங்கள் ஊரையே குற்றவாளி ஆக்குகிறாள் என்று கோபம். ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு நகரிக்குப் போகவேண்டியிருந்தது, சித்தி மகளுக்கு நிச்சயதார்த்தம். ஆந்திர எல்லை தாண்டினால் நகரி. அங்கேயும் எங்கள் ஊரைப் போலத்தான், வீட்டுக்கு வீடு தறி. சாப்பிட்டுவிட்டு வெளியே வந்து நின்றேன். எதிர் வீட்டுக் கொடியில் மஞ்சள் ஜெர்சி காய்ந்துகொண்டிருந்தது. முதுகில் பத்து.

தெருவைத் தாண்டி அந்த வாசலுக்குப் போனேன். அந்த வீட்டு ஷெட்டில் ஒரு பெண் தறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய அப்பா அந்தக் கோடியிலிருந்து காதைத் தேய்த்தார். அவள் தறியை நிறுத்திவிட்டுத் திரும்பினாள். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டு சிரித்தாள். பெயர் சௌமியா. ரொம்ப நல்ல பெண், அதுதான் இன்னும் கொடுமை.

"மொத பத்து நிமிஷத்துலயே புரிஞ்சிபோச்சுக்கா" என்றாள். "நீங்க காதைத் தேய்க்கறீங்க, எங்க நைனா தறிய நிறுத்தச் சொல்ற மாதிரியே இருந்துச்சு. எனக்கு காலு தன்னால நின்னுடுச்சு. அப்புறம் தலைல கை வெச்சீங்க. ஓனரு வர்றாருன்னு நெனச்சு நான் திரும்பிப் பாத்தா, உங்க கோல்கீப்பர் வந்துகினு இருக்காங்க."

"உங்க கோச் உங்களுக்கு ஒண்ணும் சொல்லித் தரலியா?" என்று கேட்டேன். அப்போதும் என் சந்தேகம் அடங்கவில்லை, பார்.

"அவங்களுக்கு இன்னாக்கா தெரியும் தறியப் பத்தி? நான்தான் அப்பவே எல்லாருக்கும் சொன்னேன்" என்றாள். பிறகு, "நீங்க இதை வேற யாராச்சும் தெரியாதவங்ககிட்ட செஞ்சிருக்கலாம்" என்றாள்.

நெசவு வீட்டில் பிறந்துவிட்டு, நெசவு வீட்டுச் சைகையை ரகசியம் என்று நம்பி, அதைக் கொண்டுபோய் இன்னொரு நெசவு வீட்டுப் பெண் முன்னால் காட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். ஐந்து கோலையும் நானே கையைக் காட்டி உள்ளே கூப்பிட்டிருக்கிறேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது அபி. இதைவிட நன்றாகச் சொல்லத் தெரியவில்லை.

பழைய ரிப்போர்ட்டைக் கிழித்தாகிவிட்டது. புதிதாக எழுதியிருக்கிறேன். சைகை என்னால்தான் வெளியே போனது, அபிகாயிலுக்கு அதில் சம்பந்தமே இல்லை, "அவள் கடைசி நிமிஷம் வரை நேர்மையாக விளையாடினாள்" என்று முடித்திருக்கிறேன். திங்கட்கிழமை மேடத்திடம் கொடுத்துவிடுவேன். நீ வேலூர் போகலாம்.

ஏழாவது கோலைப் பற்றி நீ எதுவும் எழுத வேண்டாம். வெயில் என்றே இருக்கட்டும்.

சுசித்ரா


கே.ஜி.கண்டிகை
7.3.2025, வெள்ளி

சுசி,

தபாலில் போட்டால் திங்கட்கிழமைக்குள் வராது என்று பெபியிடம் கொடுத்தனுப்புகிறேன். வழியில் பிரித்துப் படித்தாலும் படிக்கட்டும். மைதானத்தில் என் பக்கத்தில்தான் நின்றாள், அவளுக்குத் தெரியாதது இதில் ஒன்றும் இல்லை.

உன் கடிதத்தைப் படித்து முதலில் அழுதேன். அப்புறம் அந்தக் கடைசி வரிக்கு வந்தேன். நேர்மையாக விளையாடினாள் என்ற வரி. புதன்கிழமையிலிருந்து லெந்து நாட்கள். வீட்டில் எல்லோரும் மதியம் வரை சாப்பிடாமல் இருக்கிறோம். சோற்றை விட்டுவிட முடிகிறது. உன்னுடைய அந்த வரியை வைத்துக்கொண்டு என்னால் ஜெபத்தில் உட்கார முடியவில்லை.

அன்றைக்கு ஆறாவது கோலும் உள்ளே போனது. அதை நான் விரலால் தொட்டேன், தெரியுமா? விரல் மடங்கி வீங்கிவிட்டது. எழுந்து நிற்கிறேன், நீ ஓடிவருகிறாய். விரலுக்கு என்ன ஆயிற்று என்று கேட்கத்தான் வருகிறாய் என்று நினைத்தேன். நீ வந்து, "நீ யாருக்காகடி நிக்கிற இங்க?" என்று கேட்டாய். பெபிக்குக் கேட்டது. அந்த மஞ்சள் ஜெர்சிகளுக்கும் கேட்டது. ரெப்ரி காதிலும் விழுந்திருக்கும்.

அதற்கப்புறம் நான் யாருக்காகவும் நிற்கவில்லை.

ஏழாவது என்னைத் தாண்டி உருண்டு போனது. பிடித்திருக்கலாம். எட்டாவதையும் பிடித்திருக்கலாம். ஒன்பதாவது கஷ்டம்தான், ஆனால் நான் முயற்சி செய்யவில்லை. நீ அப்படி நினைக்கிறாய் அல்லவா, அப்படியே இருக்கட்டும் என்று கையைக் கீழே விட்டுவிட்டேன். ஒவ்வொன்று உள்ளே போகும்போதும் உன் முகத்தைப் பார்த்தேன். சந்தோஷமாகக்கூட இருந்தது. அதைச் சொல்லத்தான் இத்தனை நாள் வெட்கம்.

யாரிடமும் எதையும் விற்கவில்லை. யாருக்கும் எதையும் சொல்லவில்லை. ஆனால் நீ சந்தேகப்பட்டது ஆறாவது கோல் வரை பொய், அதற்குப் பிறகு நிஜம். ரிப்போர்ட்டிலிருந்து அந்த வரியை எடுத்துவிடு. வேலூர் போகவேண்டும் என்று மனசு அடித்துக்கொள்கிறது. ஆனாலும் எடுத்துவிடு.

அபி


அம்மையார்குப்பம்
10.3.2025, திங்கள்

அபி,

இதையும் பெபியிடமே கொடுத்திருக்கிறேன். உன் கடிதத்தை அவள் பிரிக்கவில்லை. கொடுக்கும்போது மட்டும், "நானும் அன்னிக்கே ஏதாச்சும் சொல்லியிருக்கணும்" என்றாள். எதைச் சொல்கிறாள் என்று நான் கேட்கவில்லை.

உன்மேல் எனக்குக் கோபம் வந்தது. பொய் சொல்ல மாட்டேன். ராத்திரி எல்லாம், மூன்று கோல், மூன்று கோல் என்று பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தேன். கோகோவிலிருந்து வந்த அந்தப் பிள்ளைகள் ஒன்பது விழும்வரை ஓடிக்கொண்டுதான் இருந்தார்கள். அவர்கள் உன்னை ஒன்றும் கேட்கவில்லையே. என் கோபத்துக்கு அவர்களையும் சேர்த்துத் தோற்கடித்தாயே. பிறகு விடிந்ததும் உன் விரல் ஞாபகம் வந்தது. நான் அதைப் பார்க்கவேயில்லை. அவ்வளவு கிட்டே வந்து நின்றேன், கிளவுசைத்தான் பார்த்தேன், விரலைப் பார்க்கவில்லை.

ரிப்போர்ட்டைக் கொடுத்துவிட்டேன். அந்த வரியை எடுத்துவிட்டேன். அதற்குப் பதிலாக, ஆறாவது கோலுக்குப் பிறகு என் கோல்கீப்பரை எல்லோர் முன்னாலும் நான் கேட்ட கேள்வியை எழுதினேன். நான் கேட்ட அதே வார்த்தைகளில். அதோடு ரிப்போர்ட் முடிந்துவிட்டது. உன்னுடைய மூன்று கோலைப் பற்றி எழுதவில்லை. அது என்னுடையது இல்லை.

மேடம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "ஆங், அப்புறம் அந்தப் பொண்ணு இன்னா பண்ணா?" என்று கேட்டார்.

"அவளையே கேளுங்க மேடம்" என்றேன்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு உன்னை வரச் சொல்லியிருக்கிறார். சொன்னால் உன் பெயரை அனுப்ப மாட்டார் என்று தோன்றுகிறது. சொல்லாவிட்டால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் நீ வேலூர் பஸ்ஸில் இருப்பாய். எதைச் செய் என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

உன்னை நம்புகிறேன் என்று இந்தக் கடிதத்தில் இரண்டு தடவை எழுதி, இரண்டு தடவையும் அடித்துவிட்டேன். அடித்த இடம் உனக்குத் தெரியும், அதனால் சொல்லிவிடுகிறேன். இன்னும் வரவில்லை. நீயும் என்னை நம்ப மாட்டாய். அடுத்த மேட்சில் பந்து உன் பக்கம் வந்தால் நான் உன் கையைப் பார்ப்பேன், நீ என் வாயைப் பார்ப்பாய். அது எத்தனை நாளில் சரியாகும், சரியாகுமா, எதுவும் தெரியவில்லை.

வியாழக்கிழமை எனக்கு மதிய ஷிப்ட்தான். இருந்தாலும் காலையிலேயே வந்து மேடம் ரூம் வாசலில் நிற்பேன். நீ வெளியே வந்ததும் விரலைக் காட்டு. உள்ளே என்ன சொன்னாய் என்று கேட்க மாட்டேன்.

சுசித்ரா